இரண்டு மாடி உயரத்தில் அத்தான்

பேச்சுக் கேட்பதற்காக ஒருவன் விமானம் ஏறிக் கடல் தாண்டிப் போனான் என்று எங்கள் திருநெல்வேலியில் சொன்னால், வாயில் இருக்கிற வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சாவகாசமாகச் சிரிப்பார்கள். பேச்சுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்? பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் கால் மணி நேரம் நின்றால் போதும். நாட்டு நடப்பு, வீட்டு நடப்பு, அடுத்த வீட்டு நடப்பு எல்லாம் தானாக வந்து காதில் விழும். ஆனாலும் நான் போனேன். தொண்ணூறுகளில் ஒரு ஜூன் மாதம்.

ஐரோப்பாவில் கடலோரமாக ஒரு ஊர். உலகத்து விளம்பரக்காரர்கள் எல்லாரும் வருஷத்துக்கு ஒருமுறை அங்கே கூடுவார்கள். ஒரு வாரத் திருவிழா. சாயங்காலம் பரிசளிப்பு, பகல் முழுக்க அரங்கில் பேச்சு. அப்போது நான் மெட்ராஸில் ஒரு விளம்பர நிறுவனத்தில் தமிழ் வாசகம் எழுதுகிறவன். எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்வதே கொஞ்சம் அதிகம்தான். பம்பாயிலிருந்து இங்கிலீஷில் வருகிற சோப்பு விளம்பரத்தைத் தமிழாக்கிக் கொடுப்பேன். நுரை என்ற சொல்லை என் அளவுக்குப் புழங்கிய தமிழன் இருக்க மாட்டான். அப்படிப்பட்டவனை அவ்வளவு தூரம் அனுப்பிவைத்தது ஒரு போஸ்டர்.

கூட வந்தவர் எங்கள் டைரக்டர். சினிமா டைரக்டர் இல்லை. நிறுவனத்தில் விளம்பரங்கள் எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர், என் மேலதிகாரி. கெட்டிக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

அரங்கு எங்கள் ஊர் தியேட்டர்கள் மூன்றைச் சேர்த்துவைத்த அளவு இருந்தது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு ஹெட்போன். அதன் குமிழைத் திருப்பினால் மேடைப் பேச்சு வேறு வேறு மொழியில் கேட்கும். முதல் நாள் நான் ஏதோ ஒரு மொழியில் வைத்துவிட்டு, பேசுகிறவருடைய இங்கிலீஷ் உச்சரிப்பே அப்படித்தான் போல என்று அரை மணி நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். டைரக்டர்தான் எட்டிப் பார்த்துக் குமிழைத் திருப்பிவிட்டார். சரியாகக் கேட்கத் தொடங்கிய பிறகும் தலையாட்டுவதைத் தவிர நான் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை.

கிழிந்த ஜீன்ஸ் போட்ட ஒருவர் மேடைக்கு வந்ததும் கையில் இருந்த காகிதங்களை வீசி எறிந்துவிட்டு, எழுதிவைத்துப் பேசுகிறவன் கோழை என்றார். அரங்கம் அதிர்ந்தது. எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. மறுநாள் காலை அதே மனிதர் வேறொரு சின்ன அரங்கில் பேசினார். அதே இடத்தில், அதே மாதிரி, அதே காகிதங்களை எறிந்தார். அதற்குப் பிறகு வந்த ஒரு அம்மாள், நடந்துபோகிறவனை நிற்கவைக்காத விளம்பரம் சுவருக்குப் பாரம் என்றார். இன்னொருவர், எழுதும்போது உங்களுக்குப் பயமாக இல்லையென்றால் நீங்கள் இன்னும் எழுதத் தொடங்கவில்லை என்றார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். சிலவற்றுக்கு அடிக்கோடும் போட்டேன். எந்தப் பேச்சைக் கேட்டாலும் தைரியம், தைரியம் என்ற ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. யாரிடம் காட்ட வேண்டிய தைரியம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நோட்டு நிறைந்துகொண்டே வந்தது. சாப்பாட்டை மட்டும் தினமும் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். ரொட்டி சேரவில்லை என்று டைரக்டரிடம் சொன்னேன். ரொட்டி காரணம் இல்லை. அக்காதான் காரணம்.

எனக்கு ஒரே அக்கா. ஆறு வயது மூத்தவள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு, ஊருக்குப் போகிறேன் என்றால் பாளையங்கோட்டையில் அவள் வீட்டுக்குப் போகிறேன் என்றுதான் அர்த்தம். அத்தானுக்கு ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பக்கம் பாசனப் பிரிவில் வேலை. மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர் கூடுதலாக வரும் நாட்களில் வாரம் முழுக்க அங்கேயே தங்கிவிட்டுச் சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். அந்த அக்கா என்னோடு ஏழு மாதமாகப் பேசவில்லை. பேசாததற்கும் அந்தப் போஸ்டர்தான் காரணம்.

ஒரு ஹெல்மெட் கம்பெனி எங்களிடம் விளம்பரத்துக்கு வந்திருந்தது. மோட்டார் சைக்கிள்காரன் எதைப் பார்த்தால் வண்டியை நிறுத்துவான் என்று டைரக்டர் எல்லாரிடமும் கேட்டார். சினிமா நடிகை என்றார்கள், கிரிக்கெட் என்றார்கள். "எங்க ஊர்ல கண்ணீர் அஞ்சலி போஸ்டரப் பாத்தா நிப்பான் சார்" என்றேன் நான். வாய் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் அன்றைக்கே சுவரில் அவர் படம் ஏறிவிடும். மேலே பெரிதாகக் கண்ணீர் அஞ்சலி, நடுவில் படம், அதற்குக் கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் நின்று, தெரிந்த முகமா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள்.

நான் எழுதியது இவ்வளவுதான். மேலே கண்ணீர் அஞ்சலி. நடுவில் ஒரு சாதாரண மனிதனின் படம். தோற்றம் என்பதற்கு நேராகத் தேதி இருந்தது. மறைவு என்பதற்கு நேராக வெற்றிடம். அடியில் சின்ன எழுத்தில், "அச்சடிக்கத் தேவையில்லாமல் போன போஸ்டர். இவர் ஹெல்மெட் அணிந்திருந்தார்." டைரக்டர் அதைப் படித்துவிட்டு எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். நுரை எழுதிக்கொண்டிருந்தவனுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

படத்துக்கு மாடல் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மாடல்கள் செத்தாலும் மாடல்கள் மாதிரியே இருப்பார்கள். ஆபீஸ் அடையாள அட்டைக்கு எடுத்த படம் மாதிரி, எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலை, கொஞ்சம் மிரண்ட பார்வை, அப்படி ஒரு முகம் வேண்டியிருந்தது. அத்தானிடம் கேட்டேன். அவர் எதற்கும் இல்லை என்று சொல்லாத மனிதர்.

"ஏலே மாப்ளே, என் மூஞ்சிக்கு அவ்வளவு கிராக்கியா? தாராளமாப் போடு. செத்துட்டான்னு சொன்னா ஆயுசு கெட்டிம்பாங்க. உங்க அக்காகிட்ட மட்டும் மூச்சு விட்றாத. அவ பஞ்சாங்கம் பாத்துத்தான் பல்லே வெளக்குதா" என்றார்.

அக்காவிடம், ஹெல்மெட் விளம்பரத்துக்கு அத்தான் படம் வேண்டும் என்று மட்டும் சொன்னோம்.

"ஹெல்மெட்டப் போட்டா மூஞ்சியே தெரியாதே. பெறவு எதுக்கு இவுக படம்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. மெட்ராஸில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. நானும் அத்தானும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து மழுப்பினோம்.

சாவுச் செய்தியை எங்கள் பக்கத்தில் துஷ்டி என்பார்கள். துஷ்டி வீட்டுக்கு யாரும் விசாரித்துவிட்டுப் போக மாட்டார்கள். நிஜமா என்று கேட்பதே அபசாரம். காதில் விழுந்ததும் கிளம்பிவிட வேண்டும். பெண்கள் தெருமுனையிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டு அழத் தொடங்கிவிடுவார்கள். வாசலில் நின்று என்ன ஏது என்ற பேச்சுக் கிடையாது. செத்தவரின் மனைவிக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை வர வேண்டும். அதற்குக் கோடி என்று பெயர். அதைக் கூடப் பிறந்த ஆண்பிள்ளை கொண்டுவர வேண்டும். அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இதெல்லாம் தெரியாததில்லை. பஸ் ஜன்னல் வழியாகப் போஸ்டரைப் பார்க்கிறவன் முகத்தைத்தான் பார்ப்பான், அடியில் இருக்கிற சின்ன எழுத்தைப் படிக்க மாட்டான் என்பதும் தெரியாததில்லை. ஆனால் மெட்ராஸில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து எழுதும்போது நான் திருநெல்வேலிக்காரனாக இல்லை. திருநெல்வேலியைப் பற்றி மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவனாக இருந்தேன்.

போஸ்டரை முதலில் எங்கள் ஊரில் ஒட்டிப் பார்ப்பது என்று முடிவானது. நவம்பர் மாதம். ஜங்ஷன், டவுன், பாளையங்கோட்டை, பேட்டை என்று பட்டியல் கொடுத்திருந்தோம். ஒட்டுகிறவர் பேட்டையில் தொடங்கினார். அவருக்குச் சொந்த ஊர் ராதாபுரம் பக்கம். மிச்சம் இருந்ததில் நாலைந்தை, வீணாகப் போக வேண்டாமே என்று ஊருக்குப் போனபோது ராதாபுரம் பஸ் நிலையத்தில் ஒட்டிவிட்டார். பாளையங்கோட்டைச் சுவரில் ஏறுவதற்கு முன்னாலேயே அத்தான் ராதாபுரத்தில் செத்துவிட்டார்.

ராதாபுரத்தில் எங்கள் பெரியப்பா மகன் இருந்தார். எனக்கும் அக்காவுக்கும் அண்ணன் முறை. பள்ளிக்கூட வாத்தியார். காலையில் பஸ் நிலையத்தில் அத்தானின் முகத்தைப் பார்த்தார், அடியில் இருந்ததைப் படிக்கவில்லை. மதினியைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். தம்பி மெட்ராஸிலிருந்து எப்போது வந்து சேருவானோ என்று நினைத்து, வரும் வழியில் இறங்கி, நான் வாங்க வேண்டிய கோடியை அவரே வாங்கிக்கொண்டார். அவர் செய்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு அண்ணன் என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் செய்தார்.

அக்கா வாசலில் நின்று கீரைக்காரியிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். தெருமுனையில் அழுகைச் சத்தம். யார் வீட்டிலோ துஷ்டி போல என்று அவளும் எட்டிப் பார்த்திருக்கிறாள். மதினி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நேரே இவள் மேல் வந்து விழுந்திருக்கிறாள். அண்ணன் பின்னாலேயே வந்து, மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "எங்கன வச்சிருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

"எத?" என்றிருக்கிறாள் அக்கா.

அத்தான் திங்கட்கிழமை அணைக்கட்டுக்குப் போனவர். அன்றைக்குப் புதன்கிழமை. ஆற்றில் தண்ணீர் கரையை முட்டிக்கொண்டு போகிற நாட்கள். "உனக்குத் தகவலே வரலியாம்மா? போஸ்டரே ஒட்டிட்டாங்களே! அவரு ஆபீஸ்காரங்க ஒட்டியிருப்பாங்க" என்று அண்ணன் சொன்னதும் அவள் நம்பிவிட்டாள். ஏன் நம்ப மாட்டாள்? போஸ்டர் பொய் சொல்லும் என்று அதுவரைக்கும் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. நெற்றியில் அடித்துக்கொண்டதில் பொட்டுக் கலைந்து முகமெல்லாம் குங்குமம். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிப்போய்க் கார் பிடித்துவந்தார்கள். அண்ணனும் மதினியும் அவளை நடுவில் உட்காரவைத்து ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிளம்பினார்கள். செய்துங்கநல்லூர், கருங்குளம் வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மழைவேறு.

அத்தான் ஆபீஸ் தாழ்வாரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மோர் சோற்றுக்கு நார்த்தங்காயைக் கடித்துக்கொண்டிருந்தார். "என்ன, எல்லாரும் இங்கன வந்திருக்கிய?" என்று எச்சில் கையோடு எழுந்து வந்தார். அக்கா காரை விட்டு இறங்கி, அவர் முகத்தைப் பார்த்தபடியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாளாம். அவளைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது என்று அண்ணன் சொன்னார்.

அத்தான் அன்றைக்குச் சாயங்காலமே எனக்கு ஃபோன் செய்தார். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரை ஏறியது. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுலே. உங்க அண்ணன் கோடியே எடுத்துட்டு வந்துட்டாரு. உங்க அக்காதான் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கா. பைய சரியாப் போகும்" என்றார். நானும் சிரித்தேன். சிரிப்பு வந்தது, சிரித்தேன். அதை மறைத்து இப்போது நல்லவன் வேஷம் போட்டு என்ன ஆகப் போகிறது?

மறுநாள் ஆபீஸில் தேநீர் நேரத்தில் அந்தக் கதையைச் சொன்னேன். சொல்லவில்லை, நடித்துக் காட்டினேன். மதினி தலையை அவிழ்ப்பது, அண்ணன் பையை அணைத்துக்கொண்டு கேட்பது, அத்தானின் நார்த்தங்காய், எல்லாம். மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். டைரக்டர் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதை அப்படியே இங்கிலீஷ்ல எழுதிக் கொடு" என்றார். திருவிழாவுக்கு விளம்பரத்தை அனுப்பும்போது, அதனால் என்ன விளைவு ஏற்பட்டது என்று எழுத ஒரு இடம் உண்டு. அந்த இடத்தை என் கையால் நான்தான் நிரப்பினேன். விதவை என்ற இங்கிலீஷ்ச் சொல்லை என் அக்காவுக்குப் போட்டு, அதற்கு மேற்கோள் குறியும் வைத்தேன்.

பொங்கலுக்குப் போனபோது இலை போட்டாள், பரிமாறினாள். ரசம் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. பாத்திரத்தை என் இலைக்கு மேலே பிடித்தபடி நிற்பாள், நான் கையை நீட்டி மறித்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் உள்ளே போயிருப்பாள். அல்லது அவள் உள்ளே போவதற்காக நான் காத்திருந்தேன். விளையாட்டு வினையாகும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் எத்தனை முறை எழுதியிருப்பேன்!

திருவிழாவில் போஸ்டருக்குப் பரிசு கிடைக்கவில்லை. இறுதிப் பட்டியல் வரைக்கும் வந்தது, அவ்வளவுதான். ஆனால் மூன்றாம் நாள் மத்தியானப் பேச்சுக்கு நாம் இருவரும் கட்டாயம் போக வேண்டும் என்று டைரக்டர் சொன்னார். என்ன விஷயம் என்று அவருக்கு முன்பே தெரியும். என்னிடம் சொல்லவில்லை.

நரைத்த தாடி வைத்த ஒருவர் பேசினார். நடுவர்களில் ஒருவராம். கத்தவில்லை, காகிதம் எறியவில்லை. அந்த மூன்று நாளில் நான் கேட்ட பேச்சுகளிலேயே அதுதான் நல்ல பேச்சு. ஒவ்வொரு ஊருக்கும் சுவரைப் பார்க்கிற பழக்கம் ஒன்று இருக்கும், அதைக் கண்டுபிடிப்பவனே எழுத்தாளன் என்றார். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது திரையில் அத்தான் இருந்தார்.

இரண்டு மாடி உயரம். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மிரண்ட பார்வை. அவருக்கு மேலே கண்ணீர் அஞ்சலி என்று தமிழில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஆள் உயரத்துக்கு. அவ்வளவு பெரிய தமிழ் எழுத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. முதலில் வந்தது சந்தோஷம்தான். கண்ணில் நீரே வந்துவிட்டது. அத்தான் இதைப் பார்க்க வேண்டுமே என்று நினைத்தேன்.

பிறகு அவர் கதையைச் சொன்னார். நான் நிரப்பிக் கொடுத்த கதை. ஆனால் என்னைவிட நன்றாகச் சொன்னார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு உறவினர் விதவைக்கான துணியோடு பஸ் ஏறுகிறார் என்றதும் முன்வரிசைகளில் சிரிப்பு. விதவை காரில் ஏறிப் பிணத்தை அடையாளம் காட்டப் போகிறாள் என்றதும் இன்னும் கொஞ்சம் சிரிப்பு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பிணம் மதிய உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தது" என்றார். அரங்கம் வெடித்தது. என் பக்கத்தில் இருந்த யாரோ ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் அந்த நிமிஷத்தில் சேறும் குங்குமமுமாக ஒரு முகம் வந்து நின்றது. ஏழு மாதமாக வராத முகம்.

இந்தப் போஸ்டரை எழுதியவர் நம்மிடையே இருக்கிறார், எழுந்து நிற்க முடியுமா என்று கேட்டார் தாடிக்காரர். டைரக்டரின் முழங்கை என் விலாவில் இடித்தது.

எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம். அந்தக் கூட்டத்தில் யாருக்கு என்னைத் தெரியும்? எழுந்து, சிரிக்க வேண்டாம், அவள் என் அக்கா என்று இங்கிலீஷில் ஒரு வரி சொல்லியிருக்கலாம். அந்த அளவு இங்கிலீஷ் என்னிடம் இருந்தது. மூன்று நாளாகத் தைரியத்தைப் பற்றிய பேச்சாகக் கேட்டு நோட்டு முழுக்க எழுதிவைத்திருந்தவன், எழுந்து நின்று, நாலு பக்கமும் திரும்பிக் கைகூப்பிக் கும்பிட்டேன். கும்பிடு அவர்களுக்குப் பிடித்துவிட்டது. கைதட்டல் இன்னும் கூடியது. நான் சிரித்துக்கொண்டே நின்றேன்.

முடிவில் கேள்விகள். படத்தில் இருப்பவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினீர்களா என்று ஒருவர் கேட்டார். வாங்கினோம் என்று டைரக்டர் பதில் சொன்னார். எத்தனை ஊர்களில் ஒட்டினீர்கள் என்று இன்னொருவர் கேட்டார். ஹெல்மெட் விற்பனை கூடியதா என்று மூன்றாமவர். அதோடு நேரம் முடிந்தது. வெளியே வந்து கைகுலுக்கியவர்களிடமெல்லாம் நன்றி சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். கண்ணாடியில் பார்த்தால் நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பை இறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மிச்ச நாட்களும் பேச்சுகளுக்குப் போனேன். என்ன கேட்டேன் என்று ஒன்றும் ஞாபகம் இல்லை. நோட்டில் அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை.

மெட்ராஸில் இறங்கி நாலாம் நாள் ரயிலேறி ஊருக்குப் போனேன். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது, பாளையங்கோட்டையில் காற்று மட்டும் ஆளைத் தள்ளியது. அத்தான் வாசலிலேயே காத்திருந்தார்.

"வாலே மாப்ளே! நான் எம்புட்டுப் பெருசா தெரிஞ்சேன்? பைய, ஒண்ணும் விடாமச் சொல்லு."

"மொட்டை மாடிக்கு மேல இன்னொரு மாடி வச்சா எவ்வளவு உசரமோ, அவ்வளவு" என்றேன்.

அவருக்குத் தாங்கவில்லை. திருவிழாப் புத்தகத்தில் போஸ்டரைத் தீப்பெட்டி அளவுக்கு அச்சடித்திருந்தார்கள். அதை வாங்கி மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தார். எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று சட்டைகூடப் போடாமல் புத்தகத்தோடு கிளம்பிவிட்டார்.

வீட்டில் நானும் அக்காவும் மட்டும். அவள் பின்கட்டில் உட்கார்ந்து வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். விரலில் நாரைச் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரே தரையில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை அவள் எழுந்து போகவில்லை.

"எம்புட்டுப் பேரு இருந்தாங்க?" என்று தண்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். ஏழு மாதத்தில் முதல் வார்த்தை.

"ஹால் நெறைய இருந்தாங்கக்கா."

"நம்ம வீட்டுல நடந்ததையும் சொன்னாங்களா?"

அத்தானிடம் சொல்லாத இந்தப் பகுதியை இவள் எப்படிக் கேட்டாள் என்று தெரியவில்லை. அவளுக்கு எப்போதும் கேள்விதான் சரியாக வரும். "சொன்னாங்க" என்றேன்.

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"நீ?"

"எந்திச்சு நின்னு கும்பிட்டேன்."

கத்தி நிற்கவில்லை. ஒரு வட்டம், இன்னொரு வட்டம் என்று நறுக்கி மோர் கலந்த தண்ணீரில் போட்டுக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"கார்ல போகும்போது அவ என்ன நெனச்சுக்கிட்டுப் போனான்னு யாராவது கேட்டாங்களா?"

"இல்லக்கா."

"நீயும்தான் கேக்கல."

"இப்பக் கேக்கேன்" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இவுகளப் பத்தி நான் நெனைக்கவே இல்லலே. அது முடிஞ்சு போச்சு, இனி நெனச்சு என்னன்னு ஆயிட்டு. உனக்கு யாரு சொல்லப் போறா, எப்படிச் சொல்லப் போறா, அதுதான் நெஞ்சுல ஓடிச்சு. அப்பா செத்தப்ப தந்தி வந்து, மெட்ராஸ்லேருந்து ஒத்தையில ரயில்ல வந்தியே. ராத்திரி பூரா கக்கூஸ் பக்கத்துல நின்னுக்கிட்டே வந்தேன்னு சொன்னியே. அதே மாதிரி இன்னொரு தடவ வரக் கூடாதுன்னு இருந்திச்சு. கருங்குளம் வாறவரைக்கும் அண்ணன்கிட்ட அதத்தான் சொல்லிக்கிட்டு வந்தேன். அவனுக்குத் தந்தி குடுத்திராதிய, யாராவது நேர்ல போயிக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாங்கன்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் முழங்கால் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. வெளியே எதிர்வீட்டில் அத்தான் எதையோ உரக்கச் சொல்ல, அண்ணாச்சி சிரிக்கிற சத்தம் கேட்டது.

அக்கா கத்தியை மறுபடியும் எடுத்தாள்.

"இதையும் போயி உங்க ஆபீஸ்ல சொல்லிராதலே" என்றாள்.

"சொல்ல மாட்டேன்க்கா" என்றேன்.